தோட்டப்புற இளைஞர் உளநலம்: தலைமுறை தோறும் கண்ட மாற்றம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை விளக்குமிடத்து, அழுகை என்பது நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. துய்க்க வேண்டியவற்றைத் துய்க்க இயலாத இன்மை வறுமை. மனச்சோர்வு நோய்க்குச் சமூகக் காரணங்கள் எவையென ஆராய்ந்த இக்கால உளமருத்துவரும் வறுமை, பிரிவு, அவமதிப்பு ஆகியவற்றையே முதன்மையாக எடுத்துரைப்பர். பழந்தமிழ் இலக்கணம் கண்ட பகுப்பு இன்றைய மருத்துவத்தோடு இவ்வளவு ஒத்திருத்தல் எண்ணத்தக்கது.

ஒரு சமூகத்தில் இந்நான்கும் எக்காலத்தும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு தலைமுறையில் வறுமை மேலோங்கி நிற்கும், அடுத்ததில் இழவு, அதற்கடுத்ததில் இளிவு. எது மேலோங்குகின்றது என்பதைப் பொறுத்து இளைஞர் உள்ளம் படும் பாடும் அது வெளிப்படும் விதமும் வேறுபடும். சப்ரகமுவ மாகாணத் தோட்டப்புறங்களில் வாழும் தமிழ் இளைஞரின் உளநலம் தலைமுறை தோறும் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதை இவ்வகையில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்லை” என்று மூத்தோர் அடிக்கடி கூறும் கூற்று மெய்யோ பொய்யோ என்னும் வினாவுக்கும் இவ்வாராய்ச்சி விடை தரக்கூடும்.

நிலமும் மக்களும்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் ஓப்பநாயக்க. களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய இருப்புப் பாதை 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியையும் 1919ஆம் ஆண்டில் ஓப்பநாயக்கவையும் எட்டியது. அப்பாதையின் முடிவிடம் இவ்வூரே. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டு செல்லப் பயன்பட்ட அப்பாதை, அவிசாவளைக்கு அப்பால் 1970களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. புகைவண்டி நின்ற பின்னரும் தோட்டங்கள் நிற்கின்றன, லயங்களும் நிற்கின்றன.

சப்ரகமுவவின் தோட்டங்களை நுவரெலியா மாவட்டத் தோட்டங்களோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். நுவரெலியாவில் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். அவர்தம் ஊர்களும் கடைவீதிகளும் பாடசாலைகளும் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் கிடக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்திலோ தமிழர் அனைவரையும் கூட்டினாலும் மக்கள் தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே ஆவர். தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைக்குச் செல்வதாயின் சில மைல் நடக்க வேண்டும். அல்லது அரிதாக வரும் பஸ்ஸை எதிர்நோக்கி நிற்க வேண்டும். இதனால் அண்மையிலுள்ள சிங்களப் பாடசாலையிலேயே பிள்ளைகளைச் சேர்ப்போரும் உளர். அயலாரோடு பழகி இருமொழியும் பேசும் நன்மை இதில் உண்டு. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என வாழும் பிள்ளை இரண்டிடத்தும் முழுமையாக உரியவனல்லன் என்னும் உணர்வைப் பெறும் தீமையும் உண்டு.

வறுமையும் நோயும் ஆண்ட காலம்

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வரத் தொடங்கியது 1820களில் ஆகும். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்த பின்னர்த் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. அக்காலத்து இளைஞனுக்கு இளமை என ஒரு தனிப் பருவம் இருந்தது எனக் கூறுதல் அரிது. பத்துப் பன்னிரண்டு வயதில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்தவன், அன்றே முழுத் தொழிலாளியானான். பெண்பிள்ளை கூடை சுமக்கும் வயதை அடைந்ததும் மலைக்குச் சென்றாள்; சில ஆண்டுகளில் மணமும் முடிந்தது. என்ன தொழில் செய்வது, எங்கு வாழ்வது, யாரை மணப்பது என்னும் வினாக்களை அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு இடமும் இருக்கவில்லை. கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணித்தது. அக்கடனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

அத்தலைமுறையினர் உளநோயின்றி வாழ்ந்தனர் என்று கொள்ளுதல் பிழை. அவர்தம் உளநிலையை எழுதி வைத்தார் இலர் என்பதே உண்மை. தோட்டத்து மருந்துக்காரர் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கொக்கிப்புழு நோயையும் குறித்தார், துயரத்தைக் குறிக்கவில்லை. ஆயினும் வேறு பதிவுகள் உள. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைக் கற்போர், கடனும் பிரிவும் நோவும் எவ்வளவு ஆழமாக உணரப்பட்டன என்பதை அறிவர். ஒப்பாரியில் வெளிப்பட்ட துயரம், காமன் கூத்தில் இரதி அழும்போது கூட்டம் முழுவதும் கூடி அழுத துயரம், மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடிய பெண்ணின் வாயிலிருந்து வெளிவந்த முறையீடு ஆகியனவெல்லாம் உள்ளத்தின் பதிவுகளே. “காத்துக் கருப்பு அடித்துவிட்டது” என்றும் “பயந்த கோளாறு” என்றும் மக்கள் பெயரிட்டு, வேப்பிலையும் திருநீறும் கொண்டு மந்திரித்தவற்றுள் இன்று மனச்சோர்வு, பதகளிப்பு எனப் பெயர் பெறும் நோய்களும் அடங்கியிருத்தல் வேண்டும்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்காலத் துன்பம் பெரிது. ஆயினும் அது அனைவருக்கும் பொதுவானது. ஒரு லயத்தில் பன்னிரண்டு குடும்பமெனின் பன்னிரண்டும் அதே அரிசியை உண்டன. அதே துரைக்கு அஞ்சின. துன்பத்தின் காரணம் தனக்குப் புறம்பே இருந்ததை இளைஞன் அறிந்திருந்தான். “என் குறையால் இந்நிலை அடைந்தேன்” என்று அவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. அத்தலைமுறையைத் தாங்கி நின்ற வலிமையில் பெரும்பங்கு இதுவே ஆகலாம்.

இழப்பின் காலம்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் விதியை எண்ணிக்கையில் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியா செல்வர் என்றும், 300,000 பேர் இலங்கைக் குடிகளாவர் என்றும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்றும் வகுக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அவ்வெஞ்சிய தொகை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. தாளில் எண்ணாக இருந்தது லயத்தில் பிரிவாயிற்று. அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தான். மணமுடித்த தங்கை கணவனோடு இலங்கையில் தங்கினாள். தலைமன்னாரில் கப்பலேறியவரும் கரையில் நின்றவரும் மீண்டும் சந்திக்கவில்லை. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த இளைஞர், இம்மண்ணில் வேரூன்றவும் இயலாது, அம்மண்ணைக் கற்பனை செய்யவும் இயலாது, இடைநடுவில் தம் இளமையைக் கழித்தனர்.

இதனோடு பசியும் சேர்ந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களையே கடுமையாகத் தாக்கியது. தோட்டப்புற இறப்பு விகிதம் அப்போது பெரிதும் உயர்ந்தது. பின்னர் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் வந்தன. நுவரெலியாவின் நெருங்கிய தோட்டங்களைக் காட்டிலும் சப்ரகமுவவின் சிதறிய தோட்டங்கள் பாதுகாப்புக் குறைந்தவை. இரவில் லயத்தை விட்டுத் தேயிலைப் புதர்களுக்குள்ளும் இறப்பர்க் காட்டுக்குள்ளும் ஒளிந்த குழந்தைகள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்து, அங்கும் போரில் அகப்பட்டன. அயலார் சிலர் தாக்க வந்தபோது அயலார் சிலரே அடைக்கலமும் தந்தனர் என்பதும் அக்காலத்தார் நினைவில் உள்ள உண்மையாகும்.

அச்சம் கண்ட பிள்ளை அதை வளர்ந்த பின்னரும் உடலில் சுமக்கின்றான். திடீர் ஓசைக்குத் திடுக்கிடல், உறக்கமின்மை, காரணமற்ற சினம், மதுவில் மறைதல் என அது வெளிப்படும். தந்தையின் இவ்விடர் மகனின் வளர்ப்பிலும் நிழலிடும். பேசப்படாத அச்சம், பிள்ளையிடத்தில் காரணம் அறியாத அச்சமாக மாறும். ஒரு தலைமுறையின் உளநலம் முந்திய தலைமுறையின் வரலாற்றோடு பிணைந்திருத்தல் இவ்வாறேயாம்.

எண்கள் உணர்த்தும் உண்மை

இலங்கை முழுவதையும் நோக்குமிடத்து, இளைஞர் உளநலத்தின் மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது தற்கொலை பற்றிய புள்ளிவிவரமாகும். 1950ஆம் ஆண்டளவில் இத்தீவில் இலட்சம் பேருக்கு ஏழு பேர் அளவில் ஆண்டுதோறும் தம்முயிரை மாய்த்தனர். அவ்விகிதம் பின்னர் இடையறாது ஏறி, 1995ஆம் ஆண்டில் இலட்சத்துக்கு 47 ஆயிற்று. உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அவ்வாறு இறந்தோரில் இளைஞரும் இளம் பெண்களுமே மிகுந்திருந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

இந்த ஏற்றம் ஒரு இனத்துக்கோ ஒரு தொழிலுக்கோ உரியதன்று. இலவசக் கல்வி பரவியது. கற்றோர் தொகை பெருகியது. கற்றவர்க்கேற்ற தொழில் பெருகவில்லை. கேகாலை மாவட்டம் முதலிய இடங்களில் சிங்கள இளைஞர் 1971ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்ததற்கும், 1980களின் இறுதியில் மீண்டும் எழுந்ததற்கும் இதுவே ஓர் அடிப்படை. 1990ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்த இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழுவும் வேலையின்மையையும் நீதியின்மை உணர்வையும் சுட்டிக் காட்டியது. பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட தற்கொலை பற்றிய நூலில், தன்னுயிரை மாய்த்தல் தனிமனிதனின் செயலாகத் தோன்றினும் சமூகப் பிணைப்புத் தளரும் இடத்திலும், ஆசைக்கும் அடையும் வழிக்கும் இடையே உள்ள ஒழுங்கு குலையும் இடத்திலும் அது மிகும் என நிறுவினார். இலங்கையின் வரலாறு அவர் கூற்றுக்குச் சான்றாகின்றது.

1995ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிகழ்ந்தது இன்னும் ஊன்றி அறியத்தக்கது. அவ்வாண்டில் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பயிர்நாசினிகள் தடைசெய்யப்பட்டன. 1998இலும், 2008 முதல் 2011 வரையிலும் மேலும் சில தடைசெய்யப்பட்டன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவும் 1998ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. விகிதம் படிப்படியாக வீழ்ந்து, 2010களின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்களவாயிற்று. இளைஞரிடையே வீழ்ச்சி மிகப் பெரிது. இன்று இளைஞரைக் காட்டிலும் முதியோரிடையே, அதிலும் முதிய ஆண்களிடையே, விகிதம் உயர்ந்துள்ளது.

இதனால் பெறப்படும் பாடம் யாது? அவ்விளைஞரின் சாவு தலையெழுத்தன்று, தடுக்கக்கூடியது. இலங்கை இளைஞர் பலர் நெடுநாள் திட்டமிட்டுச் சாவைத் தேடியவரல்லர். ஒரு சச்சரவு, ஒரு வசை, ஒரு காதல் முறிவு ஆகியவற்றைத் தொடர்ந்து எழுந்த கணநேரக் கொதிப்பே பெரும்பாலும் காரணம். அக்கணம் கடந்து உயிர் பிழைத்தவருள் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை. ஆயின் மற்றொரு பாதியையும் மறைத்தலாகாது. இறப்புக் குறைந்தது போலத் துன்பம் குறைந்துவிடவில்லை. தம்மைத் தாமே வருத்தி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் இளைஞர் தொகை அவ்வளவாக வீழவில்லை. சட்டம் நஞ்சை அகற்றியது. நெஞ்சின் நோவை அகற்றுதல் இல்லத்தின் கடன், பள்ளியின் கடன்.

இன்றைய இளைஞரின் இளிவு

தோட்டப் பாடசாலைகளை அரசு 1977ஆம் ஆண்டிலிருந்து பொறுப்பேற்றமை தோட்டப்புற இளைஞர் வாழ்வில் பெருந்திருப்பம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கல்வி க.பொ.த. சாதாரண தரம் வரையும் உயர்தரம் வரையும் சென்றது. 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் நிலை முடிவுக்கு வந்தது. பாட்டன் பெறாத குடியுரிமையையும் பாட்டி பெறாத எழுத்தறிவையும் பேரப்பிள்ளைகள் பெற்றனர். அவ்வாறாயின் அவர்கள் உள்ளம் ஏன் நோதல் வேண்டும்?

ஓப்பநாயக்கவை அடுத்த தோட்டமொன்றில் உயர்தரம் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண். தந்தை இறப்பர்ப் பால் வெட்டுபவர், மாலையில் குடிப்பவர். அப்பாயியும் தம்பியும் அவளும் ஒரு காம்பிராவில் வாழ்கின்றனர். படிக்கத் தனி இடமில்லை. சப்ரகமுவவில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் உயர்தர வகுப்புகள் நெடுங்காலம் அரியனவாகவே இருந்தன; ஆதலின் அவள் விரும்பிய துறையை விட்டுக் கிடைத்த துறையைப் பயில்கின்றாள். பெலிகுல் ஓயாவில் 1995ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம் ஒரு பஸ் பயணத் தூரத்தில் உள்ளது. கண்ணுக்கு அண்மை, கைக்குத் தொலைவு. குடும்பம் முழுவதும் அவள் முகத்தையே நோக்கியிருக்கின்றது. பரீட்சையில் தவறினால் காத்திருப்பது கொழும்புக் கடையோ, ஆடைத் தொழிற்சாலையோ, பாட்டி சுமந்த அதே கூடையோ ஆகும். இவை எதனையும் அவள் எவரிடமும் கூறுவதில்லை. “தலை வலிக்கின்றது” என்று மட்டும் கூறுகின்றாள்.

அவள் கையில் கைத்தொலைபேசியும் உண்டு. தாயின் முகத்தை நாள்தோறும் காட்டுவது அது. அதனை வெறுத்தல் நன்றியின்மையாகும். ஆயினும் அதே கருவி உலகத்து இளைஞரின் உடையையும் உணவையும் அறையையும் அவள் முன் விரிக்கின்றது. பாட்டி தன்னைப் பக்கத்துக் காம்பிராவோடு ஒப்பிட்டாள். பேத்தி தன்னை உலகத்தோடு ஒப்பிடுகின்றாள். வகுப்பிலோ நகரிலோ “தோட்டத்துப் பிள்ளை” எனப்படும் சொல் அவளைச் சுடுகின்றது. முகவரி எழுதும்போது தோட்டப் பெயரை மறைக்கும் இளைஞர் பலர். தொல்காப்பியர் கூறிய இளிவு இன்று இவ்வுருவில் நிற்கின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொவிட் நோயால் மூடப்பட்ட பாடசாலைகள் ஏறத்தாழ இரண்டாண்டு காலம் ஒழுங்காக இயங்கவில்லை. இணைய வழியில் பாடம் நடந்தபோது, அலைவரிசை தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளும், ஒரு தொலைபேசியை மூவர் பகிர்ந்த குடும்பங்களும் தோட்டங்களில் இருந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அதனைத் தொடர்ந்தது. அப்பெருநோயின் முதலாண்டில் மட்டும் உலகில் பதகளிப்பும் மனச்சோர்வும் நாலில் ஒரு பங்கு மிகுந்தன என்றும், இளைஞரும் பெண்களுமே கூடுதலாகத் தாக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரில் எழுவரில் ஒருவர்க்கு உளநலக் குறை உண்டு என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பாகும். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பறையில் ஐவர் அல்லது அறுவர் என இதனைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

திடமின்மையா?

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருதல் தகும். மூத்தோர் பட்ட துன்பம் பெரிது என்பதில் ஐயமில்லை. அதனைத் தாங்கியமை போற்றற்குரியது. ஆயினும் அவர்கள் தாங்கியதும் இளையோர் தாங்குவதும் ஒரே சுமையன்று. வறுமை வயிற்றைத் தாக்கியது. அதனை லயமே கூடிச் சுமந்தது. இளிவு தன்மதிப்பைத் தாக்குகின்றது; அதனை ஒருவர் தனித்தே சுமக்கின்றார். வழியே இல்லாத இடத்தில் ஆசை அடங்கிக் கிடக்கும். வழி திறந்திருக்கிறது என்று கூறப்பட்டும் நடக்க இயலாத இடத்தில் ஆசை நோயாக மாறும். முன்னவன் தோற்றபோது உலகைப் பழித்தான். பின்னவன் தோற்றபோது தன்னையே பழிக்கின்றான். ஆதலின் இன்றைய இளைஞரிடத்தில் காணப்படுவது திடமின்மை என்பதைக் காட்டிலும் துணையின்மை என்பதே பொருந்தும்.

மேலும் முன்னோர் அனைவரும் தாங்கினர் என்பதும் முழு உண்மையன்று. தாங்காதவர் பெயர் எவராலும் எழுதப்படவில்லை. மதுவில் அழிந்தவர், “பைத்தியம்” என ஒதுக்கப்பட்டவர், ஒரு நாள் காணாமற் போனவர் எனப் பலர் ஒவ்வொரு தோட்டத்து நினைவிலும் உளர். பேசாமையைத் திடம் என எண்ணிவிடலாகாது. இன்றைய பிள்ளை “எனக்கு மனம் சரியில்லை” என்று வாய்திறந்து கூறுமாயின் அது தாழ்ச்சியன்று. முன்னோர்க்குக் கிடைக்காத சொல் அதற்குக் கிடைத்திருக்கின்றது என்றே கொள்ளுதல் வேண்டும்.

செய்யத்தக்கன

துயரம் வேறு, நோய் வேறு. தேர்விற் தவறியவன் சில நாள் வருந்துதல் இயல்பு. அவ்வருத்தம் இரு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் நீடித்து, உறக்கமும் உணவும் குன்றி, முன்னர் விரும்பியவற்றில் விருப்பமிழந்து, படிப்பில் மனஞ்செலுத்த இயலாது, “நான் எதற்கும் உதவேன்” என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், அது மருத்துவரை நாட வேண்டிய நிலை. நம் பிள்ளைகளிடத்தில் இந்நோய் மனத்தின் மொழியில் பேசுவதைக் காட்டிலும் உடலின் மொழியிலேயே பெரிதும் பேசும். அடிக்கடி தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்று நோவு எனக் கூறிப் பாடசாலைக்கு வராதிருத்தல், திடீரெனப் புள்ளி குறைதல், நண்பரை விட்டு விலகுதல் ஆகியன ஆசிரியர் கண்ணில் முதலிற் படும் அடையாளங்கள்.

ஆசிரியர் மருத்துவர் அல்லர்; ஆக வேண்டியதுமில்லை. தனியே அழைத்து, இடைமறியாது, அறிவுரை கூற விரையாது கேட்டலே அவர் செய்யத்தக்க முதற்பணி. “சாக வேண்டும் என்று தோன்றுகின்றதா?” என நேரே வினவுதல் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்று அஞ்சுவோர் பலர். ஆராய்ச்சி அவ்வச்சத்துக்கு ஆதாரம் காட்டவில்லை. கேட்கப்பட்டவன் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றான். அவ்வெண்ணம் உண்டென அறியின் பிள்ளையைத் தனியே விடாது, நம்பத்தக்க உறவினரிடம் சேர்த்து, இல்லத்திலுள்ள நச்சுப் பொருள்களை எட்டாதபடி அகற்றி, அன்றே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். பயிர்நாசினித் தடையினால் இலங்கை கற்ற பாடம் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும்.

அங்கொடையை மையமாகக் கொண்டிருந்த உளமருத்துவம் இன்று மாவட்டங்களுக்குப் பரவியுள்ளது. இரத்தினபுரிப் போதனா மருத்துவமனையில் உளமருத்துவச் சிகிச்சை உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குவது. 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பும் துன்புறுவோர் சொல்லைப் பழிக்காது கேட்கின்றது. இவ்விடங்களுக்குச் செல்வோர் “அங்கொடைக் கேஸ்” என்று எள்ளப்படுவரோ என்னும் நாணமே பெருந்தடை. அந்நாணத்தை அகற்றும் ஆற்றல் கற்றோர்க்கு உண்டு. கோயிலில் கயிறு கட்டும் பாட்டியைப் பழித்தலும் வேண்டா. கயிறு கட்டிய கையைப் பற்றியபடியே மருத்துவரிடமும் செல்லலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

தோட்டப்புறத்திலிருந்து கற்று உயர்ந்தோர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. வென்றவரின் கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தோல்வியைக் குற்றமென எண்ணும். முதன்முறை தவறி மறுமுறை எழுதியவரும், பல்கலைக்கழகம் புகாது தொழில் கற்று வாழ்வோரும் பழைய மாணவராய் வந்து தம் கதையைக் கூறுவாராயின், பரீட்சை ஒன்றே வாசல் என்னும் எண்ணம் தளரும். வகுப்பிலே தோட்டத்தின் வரலாற்றைக் கற்பிப்பதும் ஒரு மருந்தே. இரு நூற்றாண்டுகளாக இந்நாட்டின் செல்வத்தை ஈட்டியோர் தன் பாட்டனும் பாட்டியும் என அறிந்த பிள்ளை, தன் முகவரியை மறைக்காது.

வறுமை முற்றும் நீங்கிவிடவில்லை, இழவும் நீங்கிவிடவில்லை. அவற்றை நீக்குதல் அரசுக்கும் சமூகத்துக்கும் உரிய நெடும்பணி. இளிவை நீக்கும் பணியோ இன்றே, ஒரு வகுப்பறையிலேயே, ஒரு காம்பிராவிலேயே தொடங்கக்கூடியது. “நாங்க படாத பாடா?” என்று கேட்கும் அப்பாயி, அதே மூச்சில் “உனக்கு என்னம்மா கஷ்டம்?” என்றும் கேட்பாளாயின், இரு தலைமுறைகளும் அன்றுதான் தம் துன்பத்தை ஒன்றுக்கொன்று கூறத் தொடங்கும்.